பெரியம்மாவுக்கு ஒரு டோலி நாற்காலி

எதிர்வீட்டு மாப்பிள்ளை போன வாரம் மெட்ராசிலிருந்து ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்து இறக்கினார். பளபளவென்று இருந்தது. அவருடைய அத்தைக்கு நடக்க முடியவில்லை, அவருக்காக வாங்கியது. அத்தையை உட்கார வைத்துவிட்டு, "எப்படி இருக்கு பாருங்க பெரியவரே" என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். "நாற்காலி ஜோரா கீது மாப்ள. அத்தை எங்க, காணோமே?" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அத்தை அதற்குள்தான் இருந்தார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திருத்தணி மலையில் இருபத்தெட்டு வருஷம் டோலி தூக்கியவன் நான். மனிதர்களை நாற்காலியில் சரியாக உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில்; தூக்குவதெல்லாம் அப்புறம். இந்தக் காலத்தில் நிறம் பார்க்கிறார்கள், மெத்தை பார்க்கிறார்கள், உட்காருகிற ஆளைப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை விடவில்லை, "அப்ப எப்படித்தான் பாக்கறது, எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று காகிதத்தோடு உட்கார்ந்தால், அளவு வரவில்லை, என் பெரியம்மாதான் வருகிறாள். வரட்டும், அவளைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் வளர்ந்தவன் நான். தறியில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. இருபத்திரண்டு வயதில் திருத்தணிக்கு ஓடிவந்து டோலிக்காரர்களோடு சேர்ந்தேன். முதல் வருஷம் தேங்காய்ப் பழக் கூடை சுமந்தேன். இரண்டாம் வருஷம் வெறும் டோலியை ஏற்றி இறக்கினேன். மூன்றாம் வருஷம்தான் மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுக்க விட்டார், ஏகாம்பர மேஸ்திரி.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் "டேய் கழுத" என்பார். கோபம் வந்துவிட்டால் "ஐயா, கொஞ்சம் வரீங்களா?" என்பார். அவர் மரியாதை கொடுத்தால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. "கழுத" என்று கூப்பிட்ட நாளில் நாங்கள் இரண்டு வாய் சோறு கூடத் தின்போம்.

டோலி என்பது இரண்டு நீள மூங்கில், நடுவில் கயிற்றால் கட்டிய நாற்காலி, கால் வைக்க ஒரு பலகை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். படி ஏறும்போது முன்னால் போகிறவன் மூங்கிலை இடுப்பளவில் கையில் தொங்கவிட வேண்டும். பின்னால் வருகிறவன் தோளில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் நாற்காலி சமமாக நிற்கும். இறங்கும்போது டோலியைத் திருப்பிவிடுவோம். உட்கார்ந்திருப்பவர் சாமியைப் பார்த்தபடியே பின்பக்கமாகக் கீழே வருவார். சாமிக்கு முதுகு காட்டாமல் வந்த மாதிரியும் ஆயிற்று, முன்னால் கவிழாமல் வந்த மாதிரியும் ஆயிற்று.

உங்கள் எடை என்ன என்று மேஸ்திரி யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வரும். குளத்திலிருந்து அடிவாரம் வரை அவர்கள் நடந்து வருவதைப் பார்ப்பார். கல் மேல் உட்காரச் சொல்லிப் பார்ப்பார். பிறகு தொடாமல், காற்றிலேயே சாண் போட்டு அளப்பார். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை நுழையலாம், அதற்கு மேல் கூடாது. முதுகு சாய்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் நாற்காலி விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இருக்க வேண்டும். பாதம் பலகையில் முழுசாகப் பதிய வேண்டும். முழங்கை தொங்கவும் கூடாது, தோளை மேலே தள்ளவும் கூடாது. இவ்வளவுதான் மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட அளவு. எழுதியாயிற்று. இனி பெரியம்மா.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் இரண்டு தடவை படியில் சறுக்கினேன். முதல் தடவை மழை. இரண்டாவது, யாரோ விளக்கேற்றிக் கொட்டிய எண்ணெய். பாரம் கீழே விழவில்லை. என் கட்டைவிரல் நகம்தான் போயிற்று. மறுநாளே பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து பெரியம்மா கன்னியம்மா இறங்கினாள். இறங்கினாள் என்பதுகூடத் தப்பு, கண்டக்டர் மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்கி வைத்தார். நாலடி உயரம் இருந்தால் அதிகம். முப்பது வருஷம் ராட்டை முன் மடங்கி உட்கார்ந்து நூல் சுற்றிய முழங்கால், நிமிர மறுத்துவிட்டது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான்.

"டேய் முனியா, காலக் காட்டு."

"நகந்தான் பெரிம்மா."

"இன்னிக்கு நகம். நாளைக்கு?" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் என்னாலதாண்டா."

விஷயம் இதுதான். எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டிருக்கிறது. அந்த அம்மையில்தான் அம்மா போனாள். நானும் போகிற மாதிரி கிடந்திருக்கிறேன். பெரியம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள்: முருகா, இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போ, நானே இடுப்பில் வைத்து உன் வாசலுக்குத் தூக்கி வருகிறேன். நான் பிழைத்துக்கொண்டேன். அவள்தான் தூக்கி வரவில்லை. அடுத்த ஆடிக்கு என்று சொல்லிச் சொல்லி முப்பத்தியொரு வருஷம் போய்விட்டது.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நடந்தே போயி முடிச்சிட்டேன்னுவ. நான் தூக்கணும்டா. தூக்கலாம் தூக்கலாம்னு பாத்துகினே இருந்தேன். நீ வளந்துட்ட. நான் வளரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "தெனமும் அவன் மூக்குக்கு முன்னாடி போயி நிக்கிற. உன்னப் பாக்கும்போதெல்லாம் அவனுக்கு என் ஞாபகம் வராதா? அதான் ஒவ்வொரு தரமா தட்டிக் காட்றான்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, என் இடுப்பைக் கட்டிப் பிடித்து, தம் பிடித்து என்னைத் தூக்கப் பார்த்தாள். அவள் தலை என் மார்புக்குக் கீழேதான் வந்தது. நான் அசையவில்லை. அவள் விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாளே, அப்போது என் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

என் மைத்துனன் சுப்பராயுடு எங்கள் குழுவில் பின்பக்க ஆள். அவன் யோசனை சொன்னான்: "பாவா, வெள்ளித் தகட்டுல ஒரு ஆள் உருவம் வாங்கி அத்தை கையில குடுத்து உண்டியல்ல போடச் சொல்லிடலாம்." பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தகட்டுக்கா அம்மை போட்டுச்சு?" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வேளைச் சோறுதான் தின்றாள். நான் வேலைக்குப் போனால் தவழாத குறையாகப் பின்னாலேயே வந்து அடிவாரத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஏறுவதைப் பார்ப்பாள். இறங்கி வரும்வரை வெயிலென்றும் பாராமல் அங்கேயே இருப்பாள். மூன்றாம் நாள் மேஸ்திரி அவள் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தார். முழுக் கதையும் கேட்டார். பிறகு கேள்வி போட்டார், வக்கீல் மாதிரி.

"நடந்து வரேன்னு சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"இடுப்புல வச்சி, வாசலுக்கு. அவ்ளோதான?"

"ஆங், அவ்ளோதான்."

"அப்ப நீங்க அவனத் தூக்குங்க. உங்கள நாங்க தூக்கறோம்."

பெரியம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "டேய் கழுத, அன்னிக்கு நீ ஆள் இல்ல, பாரம். அம்மாவுக்கு நாற்காலி மட்டும் நீயே பாரு. பன்னெண்டு வருஷமா கத்துகினியே, பாக்கலாம்."

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்களிடம் மூன்று நாற்காலிகள் இருந்தன. அதில் பெரியது ஜமீன் நாற்காலி. செதுக்கிய கைப்பிடி, சிவப்புத் துணி. பெரிய இடத்து ஆட்கள் வந்தால்தான் வெளியே வரும். யார் யாரையோ அதில் வைத்துத் தூக்கியிருக்கிறேன், என் பெரியம்மா ஏறட்டுமே என்று அதைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கட்டினேன். டோலிக்காரன் எவனும் தன் வீட்டு ஆளுக்கு நாற்காலி பார்த்தால் இதே தப்பைத்தான் செய்வான்.

பெரியம்மாவை உள்ளே வைத்தோம். முதுகு சாய்ந்தால் கால் நீட்டிக்கொண்டு நின்றது. கால் மடங்கினால் முதுகு போய் எங்கோ கிடந்தது. ஒத்திகைக்கு அடிவாரத்தில் பத்தே படி ஏற்றினார்கள். நாலாம் படியில் வழுக்கினாள். ஆறாம் படியில் கைப்பிடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக அழகாக வெளியே வந்து என் கையில் விழுந்தாள். நாற்காலி மட்டும் கம்பீரமாக மேலே போய்க்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது.

"தலகாணி வச்சிட்டா?" என்றேன்.

"தலகாணி வச்சா நாற்காலி சின்னதாவாது. அம்மாதான் ஒசரமாவாங்க, இன்னும் ஒசரத்துலேர்ந்து வுழுவாங்க" என்றார் மேஸ்திரி. பிறகு வந்தது அது. "முனுசாமி ஐயா, நீங்க நாற்காலி பாத்தது பெரியம்மாவுக்கா, உங்க பெருமைக்கா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாயிடம், மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களில் ஒரு சக்கர நாற்காலி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ரயிலேறிப் போனேன். டோலியில் அதையே கட்டி மேலே போனால், அவிழ்த்து வாசல் வரை உருட்டிக்கொண்டே போகலாம் என்பது என் திட்டம். காதர் பாய் நல்ல மனிதர். "யாருக்கு தம்பி?" என்றார். கையால் உயரம் காட்டினேன். "அடடே, இது ஆறடி சோல்ஜருக்கு செஞ்சதுப்பா. உங்க பெரியம்மா இதுல குடித்தனமே பண்ணலாம். ரெண்டு நாள் வச்சிகினு பாருங்க, சரிப்படலன்னா கொண்டாந்துடுங்க. ஒண்ணு, சரிவுல நிறுத்தினா இந்தக் கட்டைய இழுத்து வுட்ருங்க" என்றார். தலையாட்டினேன். தலை மட்டும்தான் ஆடியது, காது கேட்கவில்லை.

குளத்துக்குப் போகிற சரிவில் பெரியம்மாவை அதில் உட்கார வைத்துவிட்டு, கயிறு எடுத்து வர ஒரு அடி திரும்பினேன். அவ்வளவுதான். கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்காலி போய்க்கொண்டிருக்கிறது, அதன் முதுகுக்கு மேலே பெரியம்மாவின் கொண்டை மட்டும் தெரிகிறது. "புடி! புடி!" என்று நான் ஓடுகிறேன். சுப்பராயுடு ஓடுகிறான். காவடி கொண்டுவந்த ஒரு கூட்டமே காவடியோடு ஒதுங்கி வழிவிடுகிறது. ஒரு பெரியவர் என்ன நினைத்தாரோ, "அரோகரா!" என்று கத்தினார். கூட்டமும் சேர்ந்து "அரோகரா!" என்றது. நாற்காலி நேராகப் போய்ப் பூக்காரியின் சாமந்திக் குவியலில் முட்டி நின்றது. பெரியம்மா குவியலுக்குள் போய்விட்டாள்.

பூவை வாரி வாரித் தள்ளினோம். உள்ளேயிருந்து தலை வந்தது, தலை நிறையச் சாமந்தி. பயந்து போயிருப்பாள் என்று பார்த்தால், பொக்கை வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். "டேய், இன்னொரு தரம் வுடுடா!" என்றாள். பூக்காரி திட்ட வந்தவள், அவளைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "மொகம் சிரிக்குது சரி. கையப் பாரு" என்றார். பார்த்தேன். இரண்டு கையும் நாற்காலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. "நாற்காலி ஆளப் புடிக்கலன்னா, ஆள் நாற்காலியப் புடிச்சிகினு இருக்கணும். ரெண்டு கையையும் நாற்காலிக்குக் குடுத்துட்டா, உன்ன எந்தக் கையால புடிப்பாங்க?"

பன்னிரண்டு வருஷம் கற்றதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் நம்புங்கள். வெட்கமாகவும் இருந்தது, குதிக்கலாம் போலவும் இருந்தது.

எங்களுடைய மற்ற இரண்டு நாற்காலிகளும்கூட அவளுக்குப் பெரிதுதான். இப்போது சின்ன நாற்காலிக்கு எங்கே போவது? இடுப்பு ஒரு சாண் நாலு விரல். அந்த அளவுக்கு யார் நாற்காலி செய்கிறார்கள்? சுப்பராயுடு கிண்டலாக, "முடி எடுத்த கொழந்தைங்கள ஒக்கார வச்சி படம் புடிப்பாங்களே, போட்டோ ஸ்டூடியோ நாற்காலி, அதான் அத்தைக்கு சரி பாவா" என்றான். நான் சிரித்தேன். மேஸ்திரி சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

ஸ்டூடியோக்காரர் தன் பெரிய கேமராவோடு எங்கள் டோலியில் ஏறியவர்தான். விஷயத்தைச் சொன்னதும் கொடுத்துவிட்டார். தேக்கு மரம், பிரம்புப் பின்னல், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆன அளவு. பெரியம்மாவை அதில் உட்கார வைத்து நானே சாண் போட்டேன். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை. முழங்கால் மடிப்பில் மூன்று விரல். முழங்கை கைப்பிடியில் சாதுவாக உட்கார்ந்தது. கையைப் பார்த்தேன். மடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பூக்காரியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரி தூரத்திலிருந்து, "டேய் கழுத!" என்றார். அப்பாடா.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கட்டினோம். அகலப் பலகை போட்டு, அதன் வலப்பக்கம் சின்ன நாற்காலியை நாலு காலிலும் கயிறு போட்டு இறுக்கினோம். இடப்பக்கம் நான் குந்தி உட்கார வேண்டும், அவள் இடுப்பை ஒட்டி. இரட்டைப் பாரம், நடுவில் மூன்றாவது மூங்கில் ஒன்று கொடுத்தோம், ஆறு பேர் வேண்டும். என்னைக் கழித்தால் எங்கள் குழுவில் மூன்று பேர். அடுத்த குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆறாவது ஆளுக்குத் தேடினால், மேஸ்திரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடு மூங்கிலுக்குக் கீழே போய் நின்றார். அவர் தோள் கொடுத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

பெரியம்மா இடது கையை என் தோளைச் சுற்றிப் போட்டு இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "ம், எழுப்பு" என்றார் மேஸ்திரி. டோலி எழும்பியது.

"ஐயோ!" என்று கத்தினேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு உயிர் போய்விட்டது. பத்து வருஷம் தூக்கியவன், ஒரு நாள்கூட மேலே உட்கார்ந்ததில்லை. கீழே கால் இல்லை. பக்கத்தில் பிடி இல்லை. ஒவ்வொரு படிக்கும் வயிறு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். பின்னாலிருந்து சுப்பராயுடு, நான் ஊரார் எல்லோருக்கும் சொல்கிற வசனத்தை என் குரலிலேயே சொல்கிறான்: "பயப்படாதீங்க சாமி, கீழ பாக்காதீங்க, நம்ம கை சுத்தமான கை!" மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் சிரித்தால் டோலி குலுங்குகிறது, டோலி குலுங்கினால் நான் கத்துகிறேன். எதிரே இறங்கி வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் இரக்கப்பட்டு, பாவம், அந்த ஆளுக்கு என்ன என்று கேட்டது. சின்னப் பிள்ளை, இன்னும் நடை வரவில்லை என்று சுப்பராயுடு தெலுங்கிலேயே பதில் சொன்னான். மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டே, "சிரிக்காதீங்கடா, தோள் மாத்து" என்றார். அவருக்கும் குரல் சிரித்தது.

பாதி மலையில் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பெரியம்மாவின் சேலையைக் கொத்தாகப் பிடித்து, அவள் விலாவில் முகத்தைப் புதைத்துவிட்டேன். முப்பத்திநாலு வயது ஆண்பிள்ளை. அவள் கை என் தோளில் இறுகியது.

"பயப்படாதடா. நான் புடிச்சிகினு கீறேன்ல?"

உண்மையாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆடவில்லை, அசையவில்லை. அந்தச் சின்ன நாற்காலி அவளைப் பிடித்திருந்தது, அவள் என்னைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் முழுப் பாரமும் அவள் இடுப்பின் மேல்தான் சாய்ந்தது. நான் நகரவில்லை. நகர எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே மேலே போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் டோலி தரையைத் தொட்டது. ஆறு பேரும் மூங்கிலை விட்டு விலகி நின்றார்கள். மேஸ்திரியின் தோள் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் கண்ணைத் திறந்தேன். பெரியம்மா உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை என் மேலிருந்து எடுக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட எடுக்கவில்லை.

"தோ, கொண்டாந்துட்டேன்" என்றாள் சாமியிடம். "லேட்டுதான். என்ன பண்றது, நூல் வேல. இனிமே இவன நீ பாத்துக்க."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மரத்துப்போன கையை மெல்ல உதறிக்கொண்டு சொன்னாள்:

"எறங்குடா. கனக்குது."